அலர்ட் யாருக்குப் போக வேண்டும்: ப்ரொமீதியஸ், அலர்ட்மேனேஜர் கொண்டு ஆன்-கால் ரூட்டிங் அமைக்கும் முழு வழிமுறை

கோளாறு வந்தால் எந்நேரமும் கவனிக்க வேண்டிய ஆன்-கால் குழுக்களுக்கு அலர்ட்டுகளைப் (எச்சரிக்கைகளைப்) பிரித்து அனுப்பும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்தால், அவர் பெரும்பாலும் முதலில் திறப்பது அலர்ட்மேனேஜரின் கான்ஃபிக் கோப்பைத்தான். உண்மையில் அந்தக் கோப்புக்கு வரவேண்டியது பாதி வேலை முடிந்த பிறகு. எந்த சர்வீஸ் யாருடையது, எந்தக் கோளாறு ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தகுந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நிறுவனத்துக்குள் பதில் இல்லாதபோது, கான்ஃபிக்கை எவ்வளவு நுட்பமாக எழுதினாலும் அது முகவரி எழுதாத உறையைத் தபால்காரரிடம் நீட்டுவதாகத்தான் முடியும். அலர்ட் பிறக்கும் இடத்திலேயே அதன் மேல் முகவரி எழுதப்பட்டிருக்க வேண்டும். ரூட்டிங் என்பது அந்த முகவரியைப் படிப்பது மட்டுமே.

இந்த வழிகாட்டி, சிஸ்டங்களைக் கண்காணிக்கும் கருவியான ப்ரொமீதியஸையும் அதன் துணைக் கருவியான அலர்ட்மேனேஜரையும் வைத்து எழுதப்பட்டுள்ளது. சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012-இல் தொடங்கப்பட்ட ப்ரொமீதியஸ், 2016-இல் குபெர்நெட்டீஸுக்கு அடுத்து இரண்டாவது திட்டமாக கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் சேர்ந்தது. வேறு கருவி வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறலாம், படிகளின் வரிசை மாறாது.

தொடங்கும் முன் வேலைப் பங்கீட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ப்ரொமீதியஸ் விதிகளைக் கணக்கிட்டு, நிபந்தனை உண்மையாகும்போது அலர்ட்டை எழுப்புகிறது. அத்துடன் அதன் பொறுப்பு முடிகிறது. அலர்ட்மேனேஜர், வந்து சேரும் அலர்ட்டுகளில் இரட்டிப்பானவற்றை நீக்கி, தொடர்புடையவற்றை ஒரே கட்டாகக் கட்டி, உரிய வாசலுக்கு அறிவிப்பாக அனுப்புகிறது. இந்த வாரம் பணியில் இருப்பவர் யார், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரை அழைப்பது என்பது பேஜர்டியூட்டி போன்ற மூன்றாவது கருவிக்கே தெரியும். இந்த எல்லையைக் குழப்பி அலர்ட்மேனேஜருக்குள் ஆட்களின் மின்னஞ்சல் முகவரிகளை எழுதத் தொடங்கினால், யாராவது பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் கான்ஃபிக்கை மாற்றி டிப்ளாய் செய்ய வேண்டியிருக்கும்.

படி 1: உரிமையாளர் பட்டியல்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். சர்வீஸின் பெயர், பொறுப்பான குழு, அந்தக் குழுவின் சாட் சேனல், இரவுப் பொறுப்பு உண்டா இல்லையா என்ற நான்கு நிரல்களை நிரப்புங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் குழுவின் பெயர்தான் இருக்க வேண்டும், ஆளின் பெயர் கூடாது; ஆள் வேலையை விட்டுப் போவார், குழு பெரும்பாலும் இருக்கும்.

இதை நிரப்பும்போது சில வரிகள் காலியாக நிற்பதைக் காண்பீர்கள். எவரோ எழுதிவிட்டுப் போன க்ரான் ஜாப், இரண்டு குழுக்களும் எங்களுடையதல்ல என்று கைவிரிக்கும் மெசேஜ் க்யூ, சோதனைக்காக எழுப்பப்பட்டுப் பிறகு வாடிக்கையாளர்களே பயன்படுத்தத் தொடங்கிவிட்ட சர்வர் என்று இவை பலவகை. இந்த அநாதைகளையெல்லாம் பிளாட்ஃபார்ம் குழுவின் தலையில் கட்டிவிடுவது எங்கும் வழக்கம்தான். ஆனால் சர்வீஸின் சோர்ஸ் கோடைத் தொட்டுப் பார்க்காத குழுவை எழுப்பினால், அந்தக் குழு செய்யக்கூடியதெல்லாம் மறுதொடக்கம் ஒன்றுதான். காலி வரிகளை மேலாளர்கள் கூட்டத்தில் வைத்து, பெயர் கிடைக்கும்வரை விடாமல் கேட்பதே சரி. இந்தப் படிக்கு ஒரு வாரம் பிடித்தாலும் அது வீணல்ல.

படி 2: எழுப்புவதா, காலையில் பார்ப்பதா

அவசரத்தின் அளவை மூன்று நிலைகளுக்கு மேல் பிரிக்காதீர்கள். ஐந்து நிலை வைத்திருக்கும் இடங்களில், நடுவில் உள்ள மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் கிடைக்கும். கிரிட்டிக்கல் என்றால் எந்நேரமும் தொலைபேசி ஒலிக்கும். வார்னிங் என்றால் டிக்கெட் உருவாகும், அலுவலக நேரத்தில் பார்க்கப்படும். இன்ஃபோ என்றால் யாருக்கும் அறிவிப்பு போகாது; கோளாறை ஆராயும்போது துணைத்தகவலாக டேஷ்போர்டில் தெரியும்.

ஓர் அலர்ட் எந்த நிலையைச் சேரும் என்று முடிவெடுக்க ஒரு கேள்வி உதவும்: அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர் அந்த நேரத்திலேயே செய்ய வேண்டிய, செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டா? இல்லையென்றால் அது கிரிட்டிக்கல் அல்ல. சிபியு 90 சதவீதத்தைத் தொட்டது என்பது தன்னளவில் யாரையும் எழுப்பக் காரணமாகாது. செக்அவுட் பக்கம் வாடிக்கையாளர்களுக்குப் பிழை காட்டுகிறது என்பதே காரணமாகும். பயனர் உணரும் அறிகுறியை வைத்து எழுப்புங்கள், உள்ளே இருக்கும் காரணங்களை டேஷ்போர்டில் தேடிக்கொள்ளலாம்.

அறிகுறியை எண்ணாக மாற்ற, கூகுளின் எஸ்ஆர்இ (சேவைகளின் நம்பகத்தன்மையைக் கவனிக்கும்) பொறியாளர்கள் பரவலாக்கிய எரர் பட்ஜெட் கணக்கு, அதாவது எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு, இன்றும் நம்பகமானது. மாதத்துக்கு 99.9 சதவீதம் வெற்றி என்பது இலக்கானால், 30 நாட்களில் முழுச் செயலிழப்பாகக் கணக்கிட்டால் 43.2 நிமிடம்வரைதான் பிழைக்கு இடமுண்டு. இந்தப் பட்ஜெட் இயல்பைவிட 14.4 மடங்கு வேகத்தில், அதாவது 1.44 சதவீதப் பிழை விகிதத்தில், ஒரு மணி நேரம் கரைந்தால் மாதப் பங்கில் 2 சதவீதம் போய்விட்டது என்று பொருள். அது எழுப்பத் தகுந்தது. ஆறு மடங்கு வேகத்தில் ஆறு மணி நேரம் கரைந்தால் 5 சதவீதம் போயிருக்கும், அதற்கும் எழுப்பலாம். இயல்பான வேகத்திலேயே மூன்று நாள் கரைந்து 10 சதவீதம் போயிருந்தால் டிக்கெட் போதும். கடைசி ஒரு மணி நேரத்தைப் பார்க்கும் சாளரத்தோடு கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்க்கும் சாளரத்தையும் சேர்த்து நிபந்தனை எழுதினால், கோளாறு சரியானதும் அலர்ட்டும் விரைவாக அடங்கிவிடும்.

படி 3: விதியின் மேல் முகவரி எழுதுதல்

ஒவ்வொரு அலர்ட் விதியிலும் டீம், செவியரிட்டி, சர்வீஸ் என்ற மூன்று லேபிள்கள் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த கிளஸ்டரிலிருந்து (சர்வர் தொகுப்பிலிருந்து) வந்தது என்பதை விதியில் எழுதத் தேவையில்லை. ப்ரொமீதியஸின் எக்ஸ்டர்னல் லேபிள்ஸ் பகுதியில் மும்பை, ஹைதராபாத் என்று ஒருமுறை எழுதினால், அலர்ட்மேனேஜருக்குப் புறப்படும்போது ஒவ்வோர் அலர்ட்டிலும் அது தானாக ஒட்டிக்கொள்ளும். ஒரே வேலையைச் செய்ய இரண்டு ப்ரொமீதியஸ் சர்வர்கள் ஓடினால், அவற்றைப் பிரித்துக்காட்டும் ரெப்ளிகா லேபிளை அலர்ட் ரீலேபிள் விதியால் நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் அலர்ட்மேனேஜருக்கு அவை இரண்டு வெவ்வேறு அலர்ட்டுகளாகத் தெரியும்.

லேபிளுக்கும் அனோட்டேஷனுக்கும் உள்ள வேறுபாட்டில் பலர் வழுக்கி விழுகிறார்கள். லேபிள்கள் அலர்ட்டின் அடையாளம்; அனோட்டேஷன்கள் அதோடு சேர்த்து அனுப்பும் விளக்கக் குறிப்புகள். அவற்றில் ஓர் எழுத்து மாறினாலும் அது புதிய அலர்ட். அப்போதைய பிழை விகிதத்தை யாராவது லேபிளில் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடம் 2.1, அடுத்த நிமிடம் 2.3 என்று அந்த எண் மாறும்போதெல்லாம் பழைய அலர்ட் மறைந்து புதியது பிறக்கும். விதியில் ஐந்து நிமிடம் நீடித்தால் மட்டும் எழுப்பு என்று ஃபார் நிபந்தனை வைத்திருந்தால், அந்த ஐந்து நிமிடம் ஒருபோதும் நிறைவடையாது. சிஸ்டம் எரிந்துகொண்டிருக்கும், அலர்ட்டோ பெண்டிங் (காத்திருப்பு) நிலையிலேயே நிற்கும். மாறும் எண்கள், விளக்க வாக்கியம், ரன்புக் (கோளாறு வந்தால் செய்ய வேண்டியவற்றின் குறிப்பு) இணைப்பு, டேஷ்போர்டு இணைப்பு எல்லாம் அனோட்டேஷனுக்கு உரியவை.

ரன்புக் இணைப்பைப் பற்றி ஒரு சொல். அது சிஸ்டத்தின் கட்டமைப்பைப் பற்றிய ஐம்பது பக்க விளக்கமாக இருக்கக் கூடாது. முதலில் எந்த வரைபடத்தைப் பார்ப்பது, எதைச் செய்தால் வாடிக்கையாளரின் பாதிப்பு நிற்கும், எப்போது அடுத்தவரை அழைப்பது ஆகிய மூன்றுக்கும் பதில் இருந்தால் அரைப் பக்கமே போதும்.

படி 4: ரூட் மரம்

இப்போது கான்ஃபிக் கோப்பைத் திறக்கலாம். அலர்ட்மேனேஜரின் ரூட்டிங் ஒரு மரம். வேர் எல்லா அலர்ட்டுகளையும் ஏற்கும். அதற்கு நிபந்தனை வைக்க முடியாது, ஆனால் ஒரு ரிசீவர், அதாவது அறிவிப்பு போய்ச் சேரும் வாசல், கட்டாயம் இருக்க வேண்டும். அலர்ட் வேரிலிருந்து இறங்கி, கிளைகளை மேலிருந்து கீழாக வரிசையாகப் பார்த்து, தன் லேபிள்களுக்குப் பொருந்தும் முதல் கிளைக்குள் நுழையும். அதன்பின் பக்கத்துக் கிளைகளைப் பார்க்காது. கண்டினியூ என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்த கிளையில் மட்டுமே தேடல் அடுத்த கிளைக்கும் தொடரும். உள்ளே எந்தத் துணைக்கிளையும் பொருந்தாவிட்டால் அந்தக் கிளையின் ரிசீவருக்கே அறிவிப்பு போகும்.

முதல் மட்டத்தில் டீம், அதற்குள் இரண்டாம் மட்டத்தில் செவியரிட்டி என்று மரத்தை அமைப்பதே நல்லது. செக்அவுட் பிழை விகிதம் என்ற அலர்ட், டீம் பேமென்ட்ஸ், செவியரிட்டி கிரிட்டிக்கல், கிளஸ்டர் மும்பை என்ற லேபிள்களோடு வருகிறது என்று கொள்வோம். வேரைக் கடந்து பேமென்ட்ஸ் கிளைக்குள் நுழைகிறது. அங்கே கிரிட்டிக்கல் துணைக்கிளை அதைப் பிடித்து, பேமென்ட்ஸ் குழுவுக்கென்று பேஜர்டியூட்டியில் உருவாக்கிய இன்டக்ரேஷன் கீயோடு (இணைப்புக் குறியீட்டோடு) அனுப்புகிறது. அதே அலர்ட் வார்னிங்காக வந்திருந்தால் டிக்கெட் வாசலுக்குப் போயிருக்கும். செவியரிட்டியை முதலில் வைத்தால் ஒவ்வொரு குழுவின் விதிகளும் மூன்று இடங்களில் சிதறிப்போய், ஒரு குழு தன் பகுதியைத் தானே திருத்த முடியாமல் போய்விடும். எல்லா அலர்ட்டுகளின் நகலும் ஒரு சேனலுக்கு வேண்டுமென்றால், கண்டினியூ வைத்த கிளையை மரத்தின் உச்சியில் வையுங்கள். நடுவில் வைத்தால், மேலே ஏற்கெனவே பிடிபட்டவை அங்கே வந்து சேராது.

வேரின் ரிசீவர் குப்பைத்தொட்டியாகிவிடக் கூடாது. அங்கே வந்து விழுவதெல்லாம் முகவரி தவறிய அலர்ட்டுகள். அவற்றை ஒவ்வொரு நாளும் ஒருவர் பார்த்து, விதியில் விடுபட்ட லேபிளைச் சேர்க்க வேண்டும். அந்தச் சேனல் காலியாக இருக்கிறதா என்பதை வைத்தே ஓர் இடத்தின் ரூட்டிங் எப்படி இருக்கிறது என்று நான் மதிப்பிடுவேன்.

படி 5: கட்டுவதும் காத்திருப்பதும்

மிகுந்த கவனம் தேவைப்படும் படி இதுதான். ஒரு டேட்டாபேஸ் விழுந்தால் அதை நம்பியிருக்கும் நாற்பது பாடுகளும் (குபெர்நெட்டீஸில் ஓடும் சர்வீஸ் பிரதிகளும்) அலறும். நாற்பது அழைப்புகளுக்குப் பதில் ஒன்று வர வேண்டுமென்றால் குரூப் பை அமைப்பில் எந்த லேபிள்கள் ஒத்திருந்தால் ஒரே கட்டு என்று சொல்ல வேண்டும். இதோடு மூன்று காலஅளவுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. குரூப் வெயிட் என்பது புதிய கட்டு உருவானதும் மற்றவை வந்து சேர எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது. இயல்பு மதிப்பு (மாற்றாவிட்டால் இருப்பது) 30 வினாடி. குரூப் இன்டர்வல் என்பது, ஏற்கெனவே அறிவித்த கட்டில் புதிதாக ஒன்று சேர்ந்தால் மீண்டும் அறிவிக்க எடுக்கும் இடைவெளி. இயல்பு 5 நிமிடம். ரிப்பீட் இன்டர்வல் என்பது எதுவும் மாறாமல் அலர்ட் நீடித்தால் எப்போது நினைவூட்டுவது என்பது; இயல்பு 4 மணி நேரம். நினைவூட்டலும் குரூப் இன்டர்வலின் துடிப்பில்தான் சரிபார்க்கப்படுகிறது என்பதால், ஐந்து நிமிட இன்டர்வல் வைத்துக்கொண்டு ஒரு நிமிட நினைவூட்டல் கேட்டால் கிடைக்காது. மறுமுனையில், அலர்ட்மேனேஜர் தன் அறிவிப்பு வரலாற்றை இயல்பாக 120 மணி நேரமே வைத்திருக்கும். அதைவிட நீண்ட நினைவூட்டல் இடைவெளிக்கும் பொருளில்லை.

கட்டு பெரிதாகிவிட்டால் வரும் ஆபத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், அறிவிப்புகள் குறையட்டும் என்று குரூப் பையில் கிளஸ்டரை மட்டும் வைத்திருந்தோம். ஓர் இரவு 1.10-க்கு ஒரு சர்வரின் டிஸ்க் நிரம்பப்போவதாக அழைப்பு வந்தது. பணியில் இருந்தவர் அக்னாலெட்ஜ் செய்துவிட்டு (நான் பார்க்கிறேன் என்று உறுதிசெய்துவிட்டு), பழைய லாக் கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தார். 1.30 அளவில் பணம் செலுத்தும் பகுதி பழுதானது. கிளஸ்டர் ஒன்றே என்பதால் அந்த அலர்ட்டும் அதே கட்டில் சேர்ந்தது. அலர்ட்மேனேஜர் கட்டின் அடையாளத்தையே பேஜர்டியூட்டிக்கான டிடூப் கீயாக (ஒரே கோளாறு என்று அடையாளம் காட்டும் குறியீடாக) அனுப்புகிறது. ஏற்கெனவே அக்னாலெட்ஜ் ஆன இன்சிடென்ட்டில் புதிய செய்தி ஒரு வரியாகச் சேர்ந்ததே தவிர, யாருடைய போனும் ஒலிக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்துச் சொல்லும்போது மணி 2.20. அன்றிலிருந்து கிரிட்டிக்கல் கிளைகளில் அலர்ட்டின் பெயர், சர்வீஸ், கிளஸ்டர் மூன்றும் இல்லாமல் நான் குரூப் பை எழுதுவதில்லை. குரூப் வெயிட்டை 10 வினாடியாகவும் குரூப் இன்டர்வலை 1 நிமிடமாகவும் அங்கே குறைத்துவிடலாம். வார்னிங் கிளைகளுக்கு இயல்பு மதிப்புகளே போதும்.

படி 6: அடக்குதலும் அமைதிப்படுத்தலும்

ஓர் அலர்ட் எரியும்போது, அதாவது செயலில் இருக்கும்போது, அதனால் விளையும் மற்றவற்றை வாயடைக்க இன்ஹிபிட் விதிகள் உள்ளன. கிளஸ்டர் முழுதும் எட்டவில்லை என்ற அலர்ட் எரியும்போது, அதே கிளஸ்டரின் மற்ற அலர்ட்டுகளை அடக்கு என்று எழுதலாம். அதே அலர்ட் கிரிட்டிக்கலாக எரியும்போது அதன் வார்னிங் வடிவத்தை அடக்கு என்றும் எழுதலாம். இதில் ஈக்வல் என்ற பகுதியை விட்டுவிட்டால், மும்பையின் கோளாறு ஹைதராபாத்தின் வாயையும் அடைத்துவிடும். ஈக்வலில் குறிப்பிட்ட லேபிள் இரு பக்கமும் இல்லாமலே போனாலும் அலர்ட்மேனேஜர் அவற்றைச் சமம் என்றே எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். படி 3-இன் கட்டாய லேபிள்கள் இங்கேயும் காப்பாற்றுகின்றன.

சைலன்ஸ் என்பது அலர்ட்டின் அறிவிப்பைக் குறிப்பிட்ட நேரத்துக்கு நிறுத்திவைப்பது; திட்டமிட்ட பராமரிப்பு வேலைக்கானது. காரணத்தையும் டிக்கெட் எண்ணையும் கருத்துப் பகுதியில் எழுதி, வேலை முடியும் நேரத்தோடு முடியுமாறு வையுங்கள். ஓர் அலர்ட்டை மாதக்கணக்கில் சைலன்ஸ் செய்ய நேர்கிறது என்றால், அந்த விதியையே அழித்துவிடுவது நேர்மையானது.

படி 7: நேர வரையறை

வார்னிங் கிளைகளை அலுவலக நேரத்துக்குள் மட்டும் இயங்கச் செய்ய டைம் இன்டர்வல்ஸ் பகுதி பயன்படும். லொக்கேஷன் குறிப்பிடாவிட்டால் எல்லா நேரமும் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்குதான். காலை 9 மணி முதல் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால், சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பிற்பகல் 2.30-க்குத்தான் தொடங்கும். ஏசியா கொல்கத்தா என்ற லொக்கேஷனை எழுதிவிடுங்கள். கிரிட்டிக்கல் கிளைகளுக்கு நேர வரையறையே வேண்டாம்.

படி 8: சுழற்சியும் எஸ்கலேஷனும்

பேஜிங் கருவியில் குழுவுக்கு ஒரு சர்வீஸ், ஒரு சுழற்சி அட்டவணை, ஓர் எஸ்கலேஷன் வரிசை என்று அமையுங்கள். முதல் நபர் ஐந்து நிமிடத்தில் அக்னாலெட்ஜ் செய்யாவிட்டால் இரண்டாம் நபருக்கு, அவரும் பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் குழுவின் மேலாளருக்கு என்பது நடைமுறையில் சரியாக வரும். கருவியைப் புதிதாகத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2018-இல் அட்லாசியன் வாங்கிய ஆப்ஸ்ஜீனி என்ற பேஜிங் கருவியின் புதிய விற்பனை 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டது; 2027-இல் அது மூடப்படும் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதில் போய்ச் சிக்க வேண்டாம்.

எத்தனை பேர் வேண்டும்? கூகுள் எஸ்ஆர்இ குழு 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரே இடத்தில் உள்ள குழுவுக்குக் குறைந்தது 8 பேர். இரண்டு இடங்களில் பிரிந்திருந்தால் இடத்துக்கு 6 பேர். 12 மணி நேரப் பணியில் இரண்டு இன்சிடென்ட்டுக்கு மேல் கூடாது. நம் நிறுவனங்களில் நான்கு பேர் கொண்ட குழுக்களே 24 மணி நேரமும் சுமக்கின்றன. அத்தகைய இடத்தில் அட்டவணையை எப்படித் திருத்தினாலும் பெரிய பயன் வராது. கிரிட்டிக்கல் பட்டியலைச் சுருக்குவது மட்டுமே கைகொடுக்கும். பொறுப்பு கைமாறும் நேரத்தை நள்ளிரவிலோ திங்கட்கிழமை காலையிலோ வைக்காமல், செவ்வாய் அல்லது புதன் காலை 11 மணிக்கு வைத்தால் இருவரும் விழித்திருந்து பேசிக்கொள்ள முடியும்.

சின்ன விஷயம், ஆனால் பலமுறை காலை வாரியது: போன். பேஜிங் அழைப்பு அறிமுகமில்லாத வெளிநாட்டு எண்ணிலிருந்து வருவதால், போனே அதை ஸ்பேம் என்று ஒதுக்கிவிடலாம். அந்த எண்களைத் தொடர்புப் பட்டியலில் சேமித்து, டூ நாட் டிஸ்டர்ப் நிலையிலும் ஒலிக்க அனுமதித்து, ஒரு சோதனை அழைப்பைப் பெற்ற பிறகே ஒருவரைச் சுழற்சியில் சேர்க்க வேண்டும்.

படி 9: சோதனை

கான்ஃபிக்கை உயிருள்ள சிஸ்டத்தில் ஏற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. அலர்ட்மேனேஜரோடு வரும் ஏஎம்டூல் என்ற கட்டளைக் கருவிக்கு ஒரு லேபிள் தொகுப்பைக் கொடுத்தால் அது எந்த ரிசீவருக்குப் போகும் என்று சொல்லும். எதிர்பார்த்த ரிசீவரையும் கொடுத்தால், மாறுபடும்போது பிழையோடு நிற்கும். ஒவ்வொரு குழுவுக்கும் கிரிட்டிக்கல் ஒன்று, வார்னிங் ஒன்று என்று இப்படிப்பட்ட சோதனைகளை, ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐ பைப்லைனில் வைத்துவிடுங்கள். விதிகளுக்கு, ப்ரொமீதியஸோடு வரும் ப்ராம்டூல் அதே போன்ற சோதனை வசதியைத் தருகிறது. டீம் லேபிள் இல்லாத விதி, அல்லது உரிமையாளர் பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட விதி மெர்ஜ் ஆகாமல் தடுக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றையும் எழுதிச் சேருங்கள்.

அலர்ட் அனுப்பும் பாதையே அறுந்தால் யார் சொல்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. அலர்ட்மேனேஜரை இரண்டு அல்லது மூன்று பிரதிகளாக ஓட்டி, ப்ரொமீதியஸிடம் அவை அனைத்தின் முகவரியையும் கொடுங்கள். நடுவில் லோட் பேலன்சர் வைக்கக் கூடாது. பிரதிகள் தமக்குள் பேசிக்கொண்டு இரட்டிப்பைத் தவிர்த்துக்கொள்ளும். அதோடு, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் வாட்ச்டாக் என்ற அலர்ட்டை உருவாக்கி, தனிக் கிளை வழியாக உங்கள் கட்டமைப்புக்கு வெளியே உள்ள கண்காணிப்புச் சேவைக்கு அனுப்புங்கள். அந்தத் துடிப்பு நின்றால் வெளிச்சேவை உங்களை அழைக்கும். அந்தக் கிளையில் குரூப் இன்டர்வல், ரிப்பீட் இன்டர்வல் இரண்டையுமே ஒரு நிமிடமாகக் குறைக்க வேண்டும். காரணம் படி 5-இல் சொன்னதுதான்.

படி 10: வாராந்திரப் பார்வை

கைமாறும் கூட்டத்தில் அந்த வாரம் ஒலித்த ஒவ்வோர் அழைப்பையும் எடுத்து, அதற்கு என்ன செய்யப்பட்டது என்று கேளுங்கள். ஒன்றும் செய்யவில்லை, தானாக அடங்கிவிட்டது என்ற பதில் இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் அதை வார்னிங்காக இறக்குங்கள் அல்லது ஃபார் நிபந்தனையின் நேரத்தைக் கூட்டுங்கள். வேறு குழுவுக்குத் தொலைபேசியில் மாற்றிவிடப்பட்டது என்ற பதில் வந்தால், அந்த விதியின் டீம் லேபிள் தவறு. கூட்டம் முடிவதற்குள் திருத்திவிடலாம்.

குழுக்கள் இணைக்கப்படும்போதும் கலைக்கப்படும்போதும் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலில் உரிமையாளர் பட்டியலைத் திருத்துங்கள். அடுத்து விதிகள் அனைத்திலும் பழைய டீம் பெயரைத் தேடிப் புதியதாக மாற்றுங்கள். பழைய கிளையை ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்து, அதில் எதுவும் வந்து விழவில்லை என்று உறுதியான பிறகே ரிசீவரையும் பேஜிங் கருவியிலுள்ள சர்வீஸையும் நீக்குங்கள்.